நாற்பத்தாறு

சோஹார் துறைமுகச் சாலையில்
கான்கிரீட் உடைக்கிற வேலை எனக்கு.
இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறிய கட்டியை
இயந்திரத்தின் தாடைகளுக்கு நடுவே வைப்பேன்.
முள் ஏறும், ஏறும்.
பிறகு ஒரு சத்தம், பனங்கொட்டை பிளந்தாற்போல.
நாற்பது வந்தால் தேறியது.
வராவிட்டால்
எழுதும்போது வந்துவிடும்.

முதல் முறை ஒரு நடைபாதை ஓரக்கல்லுக்கு.
முப்பத்தெட்டரை.
அதில் இடறி யார் சாகப்போகிறார்கள்?
ஈப்பன் சார் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"சாயா குடிச்சோ?" என்று மட்டும் கேட்டார்.
இரண்டாவது, வாதி ஓரத்துக் கால்வாய்ச் சுவர்.
மூன்றாவதுக்குக் காரணம் தேடியதாக நினைவில்லை.

யாரும் காசு கொடுக்கவில்லை.
ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.
மிரட்டவும் இல்லை.
வியாழன் மாலை, கேம்ப் பஸ் ஹாரன் அடிக்கும்.
மறுசோதனை என்றால் மூன்று படிவம், நாலு கையெழுத்து,
சூசைமாணிக்கத்தின் லீவு ரத்து.
அவன் மகளுக்குப் புதுநன்மை வருகிறது.
இவ்வளவுதான்.
பேராசை என்று பெயர் வைக்க
அதில் ஒரு ரியால்கூட இல்லை.

ஆகஸ்ட் மாதத்து இரவு வார்ப்பு.
நள்ளிரவிலும் முப்பத்தாறு டிகிரி.
லாரிக்குள்ளேயே கலவை இறுகும்.
பம்ப்காரன் கத்துவான்: தண்ணி விடு, தண்ணி விடு.
விட்டால் ஓடும், ஓடினால் முடியும், முடிந்தால் தூங்கலாம்.
எல்லா டிரைவரும் விட்டார்கள்.
குல் ஜமான் விடவில்லை.
ஏன் என்று பின்னால் கேட்டேன்.
பெரிதாக ஏதோ சொல்வான் என்று நின்றேன்.
"அந்தப் பம்ப்காரன் என் அப்பாவைத் திட்டினான்."

இருபத்தெட்டாம் நாள் அவனே வந்தான்,
உடைவதைப் பார்க்க.
பதினோரு வருஷமாக ஓட்டுகிறான்,
ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம்.
செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தான்.
மற்ற லாரிகளின் ஐந்து கட்டிகள்
முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு என்று
ஒன்றைப் பார்த்து ஒன்று நொறுங்கின.
அவனுடையது நாற்பதைத் தாண்டியது.
நானும் மூச்சைப் பிடித்திருந்தேன் போல.
நாற்பத்தாறு.
வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டான்.
பஷ்தோவில் நாற்பத்தாறுக்கு என்ன சொல் என்று
அன்று தெரிந்துகொண்டேன்.

மாலை ஈப்பன் சார் பட்டியலைப் பார்த்தார்.
ஐந்தையும் நாற்பத்தொன்று, நாற்பத்தொன்றரை என்று
பென்சிலில் வளர்த்து வைத்திருந்தேன்.
"இந்த நாற்பத்தாறு மட்டும் துருத்திட்டு நிக்குதே.
கன்சல்டன்ட் கேப்பான்.
நாப்பத்திரண்டுன்னு ஆக்கிடு.
எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்."

ரப்பர் கையில்தான் இருந்தது.
கூட்டி எழுதிப் பழகிய கைக்குக்
குறைத்து எழுத வரவில்லை.
இல்லாதவனுக்குக் கொடுத்தது இத்தனை நாளும்
தர்மக் கணக்கில் போயிருக்கிறது.
இருப்பவனிடம் எடுப்பது திருட்டாம்.
இப்படியொரு கோணல் தராசு எனக்குள்
எப்போதிருந்து தொங்குகிறதோ.

ஐந்தையும் அழித்தேன்.
முப்பத்துமூன்று. முப்பத்துநான்கு.
பேனாவில் எழுதினேன்.

துளையிட்டுப் பார்த்தார்கள், இடித்தார்கள்.
குல் ஜமான் வார்த்த மூலையையும் சேர்த்துத்தான்.
ஈப்பன் சார் சாயா குடித்தாயா என்று கேட்பதில்லை.
சூசைமாணிக்கம் லீவு கிடைக்காமல்
மகளின் புதுநன்மையை
என் எதிர்க் கட்டிலில் படுத்தபடி வீடியோவில் பார்த்தான்,
சத்தத்தை முழுசாக வைத்து.
"யோக்கியன்" என்றான் விளக்கை அணைக்கும்போது.
அதைவிடக் கெட்ட வார்த்தை
அவனிடம் அன்று இல்லை.

வாதி ஓரத்துச் சுவரைப் பற்றி
இதுவரை யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
மலைப்பக்கம் மேகம் கறுத்தால்
பஸ்ஸில் இந்தப் பக்கத்து ஜன்னலுக்கு
மாறி உட்கார்ந்துகொள்கிறேன்.